தந்ததாது வந்த வழி

கண்டித் தலதா மாளிகையில், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த பொற்பேழைகளுக்குள் இருக்கிறது தந்ததாது எனப்படும் புத்தரின் பல். கலிங்கத்திலிருந்து புறப்பட்ட அது இந்த மலைநகருக்கு வந்து சேர ஏறத்தாழ பன்னிரண்டு நூற்றாண்டுகள் ஆயின. பகைவர் நெருங்கியபோது இளவரசி ஹேமமாலா அதைக் கூந்தலில் மறைத்து, கணவன் தந்தகுமாரனோடு பிராமண வேடத்தில் இலங்கைக்குக் கப்பலேறினாள் என்கிறது தாடாவம்சம் என்ற நூல். அப்போது அனுராதபுரத்தை ஆண்டவன் சிறிமேகவண்ணன். காலம் 4ஆம் நூற்றாண்டு.

அதே நூற்றாண்டில் மத்தியதரைக் கடலோரத்துக் கிறிஸ்தவர்களும், நம்பிக்கைக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் எலும்புகளைச் சுமந்து ஊர்வலம் போனார்கள். 386இல் மிலான் ஆயர் அம்புரோஸ் இரண்டு வேதசாட்சிகளின் எலும்புகளைத் தோண்டியெடுத்துத் தன் புதுக்கோவிலில் வைத்தார். சில ஆண்டுகள் கழித்து, கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து ஒன்பது மைல் தொலைவிலுள்ள சிற்றாலயம் ஒன்றுக்கு இரவோடு இரவாக ஒரு திருப்பண்டப் பேழை போனது. பேரரசி எவுடோக்சியா முடியையும் அரச ஆடம்பரத்தையும் விட்டுவிட்டு, பேழையின் துணியைப் பிடித்தபடி சனத்தோடு சனமாக நடந்தார். இதை நாம் அறிவது அந்நகர் ஆயர் யோவான் கிறிசோஸ்தோமின் பிரசங்கத்தால்தான். பார்க்கிறவனுக்கு எலும்பு எலும்புதான். அது யாருடையது, அவர் என்ன பாடுபட்டார், அதன் முன் எப்படி நிற்கவேண்டும் என்று ஒருவர் சொன்ன பிறகே ஊர் கைகூப்பியது. ஹிப்போ நகருக்கு வேதசாட்சி ஸ்தேவானின் திருப்பண்டம் வந்தபோது அந்நகர் ஆயர் அகுஸ்தீனார், இங்கே பீடம் ஸ்தேவானுக்கல்ல, கடவுளுக்கே என்று சனங்களுக்கு எடுத்துச் சொன்னார்.

அனுராதபுரத்திலும் பல்லுக்கு முன்னால் ஒரு குரல் போனது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாண்டு இலங்கையில் தங்கிய சீனத் துறவி பாஹியன் அதைக் கண்டு எழுதியிருக்கிறார். விழாவுக்குப் பத்து நாள் முன்னதாக, அரச உடையணிந்த நாவன்மையாளன் ஒருவனை அலங்கரித்த பெரிய யானைமேல் ஏற்றுவார்கள். அவன் முரசறைந்து, புத்தர் முற்பிறப்புகளில் போதிசத்துவராய்க் கண்ணைப் பிடுங்கிக் கொடுத்ததையும், புறாவுக்காகத் தசையை அரிந்ததையும், பசித்த புலிக்குத் தன் உடலையே ஈந்ததையும் தெருத்தெருவாகச் சொல்லுவான். அந்தப் பிறப்புகளின் உருவங்கள் வழியின் இருபுறமும் வரிசையாக நிற்கும். அதற்குப் பின்பே பல் வெளியே வரும்; அபயகிரி விகாரையில் தொண்ணூறு நாள் தங்கும். எவுடோக்சியா நடந்த இரவுக்கும் இந்த விழாவுக்கும் இடையே ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே இருக்கும்.

பிறகு அரசு இடம்பெயர்ந்தபோதெல்லாம் பல்லும் பெயர்ந்தது. பொலன்னறுவையில் அதற்குக் காவல் நின்றவர்களில் தமிழரும் இருந்தார்கள் என்பதை நாம் இன்னும் உரக்கச் சொல்லவேண்டும். மன்னன் முதலாம் விஜயபாகுவின் மறைவுக்குப் பின், முகலன் என்ற மகாதேரர் வேளைக்காரர் எனப்பட்ட படையினரை அழைத்துப் பல் இருந்த ஆலயத்தை ஒப்படைத்தார். தாங்கள் கெட்டாலும் அதன் ஊர்களையும் உடைமையையும் காப்போம் என்று அவர்கள் தமிழில் கல்லில் வெட்டிவைத்தார்கள். ஆலயத்துக்குத் தங்கள் பெயரையே சூட்டினார்கள்: மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியரின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகூவையிலிருந்து அதைக் கவர்ந்து குலசேகர பாண்டியனிடம் கொடுத்தான். இலங்கை மன்னன் மூன்றாம் பராக்கிரமபாகு தானே பாண்டிய நாட்டுக்குப் போய், நாள்தோறும் பேசி மனங்கரைத்து வாங்கிவந்தான். வாளெடுக்காமல் பேச்சால் மீட்டது எனக்கு மிகப் பெரிய செயலாகப் படுகிறது.

1560இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் ஒரு பல்லைக் கைப்பற்றிக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பெகு மன்னன் பெரும்பொருள் தருவதாகச் சொல்லியும் கோவாவின் பேராயர் கஸ்பார் கேட்கவில்லை. உரலில் இடித்து, தீயிலிட்டு, சாம்பலை ஆற்றில் கொட்டினார். அதே கோவா 1554இல் சவேரியாரின் உடலைத் திரண்டு வரவேற்ற ஊர். அம்புரோஸின் வழிவந்த ஒரு பேராயர், பிறர் கைகூப்பிய பொருளை உரலிலிட்டது மன்னிக்கக் கடினமானது. உடைந்தது உண்மைப் பல்லல்ல என்பது சிங்கள மரபு. உண்மையானது சப்ரகமுவ தெல்கமுவ விகாரையில், குரக்கன் அரைக்கும் கல்லுக்குள் மறைந்திருந்ததாம். 1592இல் அரியணை ஏறிய முதலாம் விமலதர்மசூரியன் அங்கிருந்து அதைக் கண்டிக்குக் கொண்டுவந்தான்.

கண்டியின் எசல பெரஹரா என்ற ஊர்வலம் அப்போது நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தெய்வங்களுக்கு உரியது. மதுரை நாயக்க வழிவந்த மன்னன் கீர்த்தி சிறி ராஜசிங்கன், 1753இல் வந்த சீயம் பிக்குகளின் சொல்லைக் கேட்டுத் தந்ததாதுப் பேழைக்கு அதில் முதலிடம் கொடுத்தான். இன்றும் முதல் யானைமேல் ஓலைச்சுவடி ஏந்திப் பெரமுனே ராள என்ற அலுவலர் வருகிறார். பின்னால் வரும் மாளிகை யானை சுமப்பது பேழையை மட்டுமே. பல் மாளிகையை விட்டு வெளியேறுவதில்லை. 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை, 16 ஆண்டுகளுக்குப் பின், அதைச் சனங்கள் நேரில் காணத் திறந்துவைத்தார்கள். வரிசை கண்டித் தெருக்களில் கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. கைக்குழந்தைகளோடு வந்தவர்கள் இரவை நடைபாதையிலேயே கழித்தார்கள்.