மேய்ச்சலுக்குப் போன பள்ளிக்கூடம்

பால்வாடி திறந்தாயிற்று, பிள்ளைகளும் வந்தார்கள். யாருக்காகத் திறந்தார்களோ அவர்கள் மட்டும் வரவில்லை. 1945இல் பம்பாய்க்கு வடக்கே, தாணே மாவட்டக் கடலோரத்தில் இருந்த போர்டி என்ற ஊரில் இதுதான் நிலவரம். ஊருக்குள் வசதியாக இருந்தவர்களின் குழந்தைகள் வந்து உட்கார்ந்தன. தலித் குடியிருப்புகளிலிருந்தும் வார்லி பழங்குடிகளின் குடிசைகளிலிருந்தும் வருவார் இல்லை.

‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அன்றும் இன்றும் கைவசம் தயாராக இருக்கும் பதில் அது. அந்தப் பால்வாடியைத் தொடங்கிய தாராபாய் மோடக் அதைச் சொல்லவில்லை.

அப்போது அவருக்கு வயது 53. 1914இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டதாரி. மணமுறிவுக்குப் பின் ராஜ்கோட்டில் பெண்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வரானார். அதையும் விட்டுவிட்டுப் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்காவோடு சேர்ந்து, குழந்தைக் கல்வியில் இறங்கினார். மாண்டிசோரி முறைதான் இருவருக்கும் வழிகாட்டி. 1939இல் மரியா மாண்டிசோரியே சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தினார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் வழவழவென்று இழைத்த மரச் சாதனங்களோடு அந்த முறை பெரும்பாலும் நகரத்துப் பணக்கார வீடுகளோடு நின்றுவிட்டது. தாராபாயை உறுத்தியது அதுதான்.

போர்டியில் அவரோடு சேர்ந்தவர் அனுதாய் வாக். புணே பக்கம் மோர்காவில் 1910இல் பிறந்தவர். 13 வயதில் கல்யாணம், ஆறே மாதத்தில் கைம்மை. படித்து ஆசிரியையானார்; பி.ஏ. பட்டத்தை வாங்கியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார்.

அந்த வட்டாரத்து வார்லிகளின் நிலையைத் தெரிந்துகொண்டால்தான் இவர்கள் செய்தது புரியும். நிலக்கிழாருக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், மறுத்தால் அடி. பால்வாடி தொடங்கிய அதே 1945இல்தான் கோதாவரி பருலேகர் முதலிய கிசான் சபைத் தோழர்களின் துணையோடு வார்லிகள் கிளர்ந்தெழுந்தார்கள். போலீஸ் சுட்டதில் உயிர்களும் போயின. பெரியவர்கள் பண்ணையில், பையன் மாட்டின் பின்னால், பெண்பிள்ளையின் இடுப்பில் தம்பி. இந்த வீட்டுப் பிள்ளையைப் பத்து மணிக்கு மணியடித்ததும் வந்துவிடு என்றால் எப்படி வரும்?

பிள்ளை வராவிட்டால் பள்ளி போகட்டும் என்று முடிவெடுத்தார்கள். ஆசிரியைகள் குடியிருப்புக்கே போய், குடிசை முற்றத்தில் உட்கார்ந்தார்கள். முதல் பாடம் எழுத்தல்ல. குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, தலை சீவுவது. பிறகு கூழாங்கல்லும் கிளிஞ்சலும் கொண்டு எண்ணிக்கை; இலைகளை வடிவம் பார்த்துப் பிரித்து வைப்பது; விதைகளைக் கோத்து மாலை. மாண்டிசோரி மரக்கட்டைகள் செய்த வேலையைக் கடற்கரையும் காடும் காசில்லாமல் செய்து கொடுத்தன.

1957இல் பணி கோஸ்பாட் குன்றுக்கு இடம் மாறியது. அங்கே குழந்தைக் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே கூரைக்கடியில் வைத்தார்கள். தம்பியைக் காப்பகத்தில் விட்டால்தானே அக்காவுக்குக் கை ஓயும்! மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஏற்பாடு: குரண்சாளா, அதாவது மேய்ச்சல்வெளிப் பள்ளி. மாடு எங்கே மேய்கிறதோ அங்கே ஆசிரியர் போவார். பகலெல்லாம் வேலை செய்பவர்களுக்கு இரவுப் பள்ளி.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. மாட்டின் பக்கத்திலேயே பாடம் என்றால், பிள்ளை மாடு மேய்ப்பதை ஏற்றுக்கொண்டதாகாதா? ஆகும்தான். ஆனால் வறுமை ஒழிந்த பிறகு படிக்கலாம் என்று காத்திருந்தால் அந்தப் பிள்ளையின் பால்யம் காத்திருக்காது. சட்டம் போட்டுவிட்டு ஓய்ந்தவர்களைவிட, மேய்ச்சல் வெளிக்கு நடந்துபோனவர்கள் பக்கம்தான் நான்.

விருதுகள் வந்தன. தாராபாய்க்கு 1962இல் பத்ம பூஷண். அவர் 1973இல் மறைந்தபின் கோஸ்பாடை அனுதாய் சுமந்தார். பத்மஸ்ரீ கிடைத்தபோது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார். அதற்குள், 1975 அக்டோபர் 2 அன்று, மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. போர்டி முற்றங்களில் தாராபாய் வழங்கிய ‘அங்கன்வாடி’ என்ற பெயர் அந்தத் திட்டத்தின் வழியே நம்மூர்ப் பலகை வரை வந்து சேர்ந்தது. சத்துமாவும் எடை பார்க்கும் தராசும் பின்னால் வந்தவை. கூழாங்கல் பாடத்துக்கு எத்தனை அங்கன்வாடிப் பணியாளருக்கு நேரம் விட்டு வைத்திருக்கிறோம் என்பதை, பதிவேடுகளோடு மல்லுக்கட்டும் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

(தொடரும்)