அப்பர் கனடா வில்லேஜ்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மாரிஸ்பர்க் ஊருக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகம். 1961இல் திறக்கப்பட்டது. 40க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களைக் கொண்டு 1860களின் கிராம வாழ்க்கையை இது காட்டுகிறது.

மனிதர் திட்டமிட்டு வரவழைத்த வெள்ளத்தால் உருவான இடம் இது. பெருங்கப்பல்கள் செல்லும் நீர்வழிக்காகவும் நீர்மின் திட்டத்துக்காகவும் 1958 ஜூலை 1 அன்று ஆற்றுநீர் திறந்துவிடப்பட்டது. ஆல்ட்ஸ்வில், மில் ரோஷ், மூலினெட், வேல்ஸ் உள்ளிட்ட ஊர்கள் சில நாட்களில் மூழ்கின. சுமார் 6,500 பேர் ஊரை விட்டுப் பெயர்ந்தார்கள். 500க்கும் மேற்பட்ட வீடுகள் அடியோடு பெயர்க்கப்பட்டுப் புதிய ஊர்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பழைமையால் மதிப்புப் பெற்ற கட்டடங்களில் பல இங்கு வந்து சேர்ந்தன. எல்லாம் மூழ்கிய ஊர்களைச் சேர்ந்தவை அல்ல. கம்பளி ஆலை இதே மாகாணத்தின் ஒடெசா ஊரிலிருந்து வந்தது.

பார்வையாளர் நிதானமாக நிற்க வேண்டிய இடம் அந்த ஆலைதான். நீரின் விசையில் எந்திரங்கள் ஓட, கம்பளி மயிர் சிக்கெடுக்கப்பட்டு, நூலாகி, போர்வையாக நெய்யப்படுகிறது. மாவு ஆலையில் திரிகைக் கற்கள் கோதுமையை அரைக்கின்றன. அந்த மாவில் சுட்ட ரொட்டியை விலைக்கு வாங்கலாம். அக்கால உடையணிந்த பணியாளர்கள் வேலையைச் செய்துகொண்டே கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த ஒரு கருவி இவ்வளவு சொல்லாது.

ஆனால் காடு திருத்திய முதல் தலைமுறையின் வாழ்க்கையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனின் பக்கம் நின்றவர்கள் 1784இல் இக்கரையில் குடியேறினார்கள். கிராமம் காட்டுவது அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் காலத்தை. நீராவி எந்திரம் அதற்குள் வந்துவிட்டது. அந்தக் குடியேற்றத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே இது பூர்வகுடிகளின் நிலம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். மொஹாக் மக்களின் அக்வெசாஸ்னே இதே ஆற்றில் கிழக்கே இருக்கிறது.

அருகிலுள்ள கிரைஸ்லர் பண்ணையில் 1813 நவம்பர் 11 அன்று நடந்த போரில் அமெரிக்கப் படை பிரிட்டன் தரப்பிடம் தோற்றது. அந்தப் போர்க்களமும் மூழ்கிவிட்டது. அங்கிருந்து எடுத்த மண்ணால் எழுப்பிய மேட்டின்மீது நினைவுத்தூண் நிற்கிறது.

கிராமம் கோடையை ஒட்டிய மாதங்களில் திறந்திருக்கும். இங்கே வருபவர்கள் லாங் சூ அருகே ஆல்ட் பூங்காவிலுள்ள ‘மூழ்கிய ஊர்கள்’ அருங்காட்சியகத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். வீடிழந்தவர்களின் கதை அங்கேதான் முழுமையாகக் கிடைக்கிறது.