திருமுக்கூடல் ஆதுலர்சாலையும் இன்றைய நுண்ணுயிர் ஆய்வகமும்

மருந்துக்குக் கட்டுப்படாத மருத்துவமனைக் கிருமிகளை ஆய்வகத்தில் கண்டறியும் முறை பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தார்கள்.  மறைமலையடிகளாரின் வாழ்வும் அவர் பெயர் தாங்கிய நம் மறைமலைநகர் எழுந்த கதையும் இங்குள்ளோர் நன்கறிந்தவை. மக்கள் நூறாண்டு வாழும் வழியை ஆராய்ந்து அவர் தனி நூலே எழுதினார் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு, நோயுற்றோரைப் பேணிய பழைய ஏற்பாடு ஒன்றைக் காணத் திருமுக்கூடலுக்குச் செல்கிறேன்.

கல்லில் எழுதிய மருத்துவமனை

பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கே.வி. சுப்பிரமணிய ஐயர் இதை எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். வேதம் பயிலும் மாணவர்க்கும் நோயுற்றோர்க்கும் செய்த ஏற்பாடுகள் அதில் வரிசையாக உள்ளன. ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனையில் படுக்கைகள் 15. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொணர்பவர் என ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு குறிக்கப்பட்டுள்ளது. இரவு விளக்குக்கும் நிவந்தம் உண்டு. தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம் என்று ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் இருபதளவில் வருகின்றன.

இக்கல்வெட்டில் நான் மிகவும் போற்றுவது, மூலிகை பறித்தவருக்கும் தண்ணீர் சுமந்தவருக்கும் வைத்தியரோடு ஒரே கல்லில் இடம் தந்திருப்பதைத்தான். வள்ளுவரும் மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது (குறள் 950) நோயாளி, தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து செய்பவர் ஆகிய நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்றார். இரவுப் பணியில் கிருமித் தட்டுகளோடு அமர்ந்திருக்கும் ஆய்வக நுட்புநரை அந்த நான்காமவராகவே காண்கிறேன். அதே அதிகாரத்தில் இரண்டு குறள் முன்னே, நோயை அறிந்து, அதன் முதலை அறிந்து, பிறகே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்று வரிசை வகுத்திருக்கிறார். ஆய்வகம் செய்வது அந்த நடுப் பணி.

ஒரு மில்லிமீட்டர்

சீழிலோ சிறுநீரிலோ வளர்ந்த கிருமியில் ஒரே மாதிரியான நாலைந்து காலனிகளைத் தொட்டு எடுத்து உப்புநீரில் கலக்குகிறார்கள். கலங்கல் 0.5 மெக்ஃபர்லேண்டு அளவில் இருக்க வேண்டும். குழாயின் பின்னே கருங்கோடுகள் போட்ட அட்டையைப் பிடித்துப் பார்த்தே அதைச் சரிசெய்வார்கள். கலக்கிய 15 நிமிடத்துக்குள் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, குழாயின் உட்சுவரில் அழுத்திப் பிழிந்து, முல்லர்-ஹின்டன் அகார் தட்டில் மூன்று திசையாகப் பூச வேண்டும். அகார் 4 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். மெலிந்தால் தடை வளையம் அகன்றுவிடும். எதிர்ப்புள்ள கிருமியும் மருந்துக்கு அடங்கியது போலத் தோன்றும். மருந்து வில்லைகளை வைத்து 35 பாகையில் 16 முதல் 18 மணி நேரம் வைத்திருந்து, மறுநாள் காலையில் வளையத்தை அளக்கிறார்கள்.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிக்கு 30 மைக்ரோகிராம் செஃபாக்சிட்டின் வில்லையைச் சுற்றி வளையம் 22 மில்லிமீட்டர் என்றால் அது மருந்துக்கு அடங்கும் வகை. 21 என்றால் மெத்திசிலினுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ வகை. வார்டில் ஒருவருக்குத் தரும் மருந்து மாறுவதும், அவரைத் தனியறைக்கு மாற்றுவதும் இந்த ஒரு மில்லிமீட்டரைப் பொறுத்தே. அதனால்தான் ஏடிசிசி 25923 போன்ற தரக்கட்டுப்பாட்டுக் கிருமியைத் தவறாமல் உடன் வைத்துப் பார்ப்பதைத் தொழில் தர்மம் என்கிறேன். அந்தக் கிருமியின் வளையம் உரிய எல்லைக்குள் இல்லாத நாளில் நோயாளியின் ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது.

கோலிஸ்டினுக்கு இந்த வில்லை முறையே உதவாது. அந்த மூலக்கூறு பெரியது. அகாரில் சரியாகப் பரவாது. குழிகளில் மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கும் நுண்-நீர்ம முறை நம்பத்தக்கது. கடைசிக்கட்ட மருந்துகளில் ஒன்றுக்கு வில்லை முறை பயன்படாமற்போனது நம் துர்ப்பாக்கியம்.

அகார் பற்றி ஒரு செய்தி. 1881இல் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸேவுக்குக் கிருமி வளர்க்க அகாரைப் பயன்படுத்தலாம் என்று சொன்னவர் அவர் மனைவி ஃபேனி; சமையலறையிலிருந்து வந்த யோசனை. நம் மன்னார் வளைகுடாவில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களும் அகாருக்கான மூலப்பொருளைத்தான் சேகரிக்கிறார்கள். அவர்கள் உழைப்பையும் இங்கே வணங்கிச் சொல்கிறேன்.

தரமணி தந்த எச்சரிக்கை

புதுதில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் 2008இல் கிடைத்த கிளெப்சியெல்லா கிருமியில்தான் என்டிஎம்-1 முதலில் அறியப்பட்டது. கார்பபெனெம் மருந்துகளைச் சிதைக்கும் நொதி அது. 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தைச் சேர்ந்தவர். அதில் என்டிஎம்-1 கொண்ட சென்னை மாதிரிகள் 44, ஹரியாணா 26, பிரிட்டன் 37. என்டிஎம் என்ற பெயரில் புதுதில்லி (நியூ டெல்லி) இருப்பதைப் பற்றி அன்று எழுந்த சச்சரவு, கிருமியைப் பற்றிய கவலையையே மறைத்துவிட்டது. தன் வீட்டில் உள்ள நோயைத் தானே கண்டு சொன்ன தமிழ்நாட்டு ஆய்வகத்தை நான் பெருமையோடு நினைக்கிறேன். 2012 ஆகஸ்ட் 24 அன்று நம் மருத்துவர் சங்கங்கள் கூடி, மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பிரகடனம் தந்தன. 2014 மார்ச்சில் மருந்து விற்பனை விதிகளில் 46 மருந்துகள் கொண்ட எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும்.

வேண்டுகோள்

நம் சுற்றுவட்டார மருத்துவர்களுக்குச் சொல்வது இது. கடுங்காய்ச்சலோடு வருபவருக்கு முதல் ஊசி போடுமுன் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்துவிடுங்கள். பெரியவர் என்றால் ஒரு குப்பிக்கு 8 முதல் 10 மில்லி. எடுத்த உடனே மருந்தைத் தொடங்கலாம், தாமதம் வேண்டாம். ஊசி போட்ட பிறகு எடுத்த இரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம். 'வளர்ச்சி இல்லை' என்று வரும் அந்த ரிப்போர்ட்டால் எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று தெரியாமல் குடும்பமே தவிக்கும்.

மருத்துவமனை நிர்வாகிகளே, ஆண்டுக்கொரு முறை எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை விழுக்காடு பலிக்கிறது என்ற பட்டியலை உங்கள் ஆய்வகத்திடம் கேட்டு வாங்கி வார்டில் ஒட்டுங்கள். ஒரு நோயாளிக்கு ஓர் இனத்தில் முதலில் கிடைத்த கிருமியை மட்டும் எண்ண வேண்டும். ஒவ்வொரு இனத்திலும் குறைந்தது 30 சேர்ந்திருக்க வேண்டும். பட்டியலின் கீழே அதைத் தயாரித்த நுட்புநர்களின் பெயரையும் போடுங்கள்.