மணலில் எழுதும் ப: மழலையர்க்கு எழுத்தறிமுகத்தில் கைச்செயலின் இடம்

தமிழ் நெடுங்கணக்கில் ப மூன்றே கோட்டில் முடியும் எழுத்து. மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்புறம் ஒன்று, மறுபடி மேலே ஒன்று. கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதிவிடலாம். ஒலியும் எளிது: உதடு இரண்டும் மூடித் திறந்தால் போதும். பல், பழம், பந்து, பட்டம் என மூன்று வயதுக் குழந்தை ஏற்கெனவே பேசும் சொற்கள் பல இதில் தொடங்குகின்றன. கைச்செயல் வழியாக ஓர் எழுத்து எப்படிக் குழந்தைக்கு வசமாகிறது என்பதை ஆராய இதைவிடப் பொருத்தமான எழுத்து கிடைப்பது அரிது. வரிசையில் முதலில் நிற்கும் அகரம் சுழியும் வளைவும் நெடுங்கோடும் சேர்ந்தது. பிஞ்சுக் கைக்கு அது பெரும் வேலை. ட, ப, ம போன்ற எளிய வடிவங்களிலிருந்து தொடங்கும் வழக்கம் தமிழாசிரியர்களிடையே நிலைபெற்றதற்கு இதுவே காரணம்.

மழலையர் வகுப்புகளில் கைச்செயல் என்ற பெயரில் நடப்பவை எல்லாம் எழுத்தைக் கற்பிப்பதில்லை. கற்பிக்க வேண்டுமானால், அந்த எழுத்து எழுதப்படும் வழியிலேயே குழந்தையின் கை நகர வேண்டும்; கை நகரும்போதே வாய் அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் செயல் நல்ல விளையாட்டாக இருக்கலாம்; எழுத்துப் பாடம் ஆகாது.

பரவலாக நடக்கும் ஒரு செயலை எடுத்துக்கொள்வோம். அட்டையில் பெரிதாக வரைந்த ப-வின் மேல் பசை தடவி, குழந்தைகள் துவரம்பருப்பை ஒட்டுகிறார்கள். ஒரு பிள்ளை வலது மேல் முனையில் தொடங்குகிறது, அடுத்த பருப்பு அடிக்கோட்டில் விழுகிறது, மூன்றாவது இடப்பக்கம். பசை விரலில் ஒட்டிக்கொண்டதும் கவனம் முழுவதும் அதை உரித்தெடுப்பதில் போய்விடுகிறது. விரல்நுனிக்கு இது நல்ல பயிற்சி, ஐயமில்லை. ஆனால் கால் மணி நேரத்தில் அந்தக் கை ஒருமுறைகூட ப என்ற வழியில் போகவில்லை, வாயும் ப என்று சொல்லவில்லை. சுவரில் தொங்கும் அட்டை அழகாக இருப்பதால் பாடம் நடந்துவிட்டது என்ற எண்ணம் பெரியவர்களுக்கு உண்டாகிறது. இச்செயலை அடியோடு கைவிட வேண்டியதில்லை. பசை காய்ந்த மறுநாள், மேடுபட்ட அந்தப் பருப்பு வரிசையின் மேல் சுட்டுவிரலை மேலிருந்து கீழ், வலம், மேல் என்று ஓட்டச் செய்து, ஒவ்வொரு முறையும் ப என்று சொல்லவைத்தால் பயனற்றுக் கிடந்த அட்டை கற்பிக்கும் கருவியாகிவிடும்.

விரலால் எழுதிப் பழக்குவது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஓலையையும் எழுத்தாணியையும் தொடுவதற்கு முன் மணலைப் பரப்பி விரலால்தான் எழுதினார்கள். எழுதும்போதே உரக்கச் சொன்னார்கள். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூல் வழியாக அம்முறை இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கு ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் மணல் மேசைகள் இடம்பிடித்தன. விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கும் சடங்கிலும் இந்த முறையே வாழ்கிறது. வருந்தத்தக்கது என்னவென்றால், அன்று ஒரு நாள் நடப்பது மறுநாளிலிருந்து நின்றுவிடுகிறது. கையில் உடனே பென்சில் திணிக்கப்படுகிறது.

1907-இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, பலகையில் உப்புத்தாள் எழுத்துகளை ஒட்டி, அவற்றை விரலால் வருடச் செய்தார். வருடும்போதே ஒலியைச் சொல்ல வேண்டும் என்பது அவர் முறையின் உயிர்நாடி. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறுக்கு வந்த அவர், உலகப் போர்க் காலத்தில் இங்கேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய உப்புத்தாளுக்கும் திண்ணைப் பள்ளியின் மணலுக்கும் பயன் ஒன்றே: சொரசொரப்பு விரலைத் தடுத்துத் தடுத்து விடுவதால் கை தான் போகும் வழியை உணர்கிறது. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உப்புத்தாளில் எழுத்து முன்பே இருக்கிறது. மணலில் அதைக் குழந்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாடு பெரிது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. பிரான்சில் லோங்காம்ப் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஒரு பிரிவினர் எழுத்துகளைக் கையால் எழுதியும் மறுபிரிவினர் விசைப்பலகையில் தட்டியும் கற்றனர். வயதில் மூத்த பிள்ளைகளிடையே கையால் எழுதியவர்களே பின்னர் எழுத்துகளை இன்னும் நன்றாக இனங்கண்டனர். 2012-இல் அமெரிக்காவில் கரின் ஜேம்ஸும் எங்கல்ஹார்ட்டும் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தனர். வாசிப்புக்குரிய பகுதிகள் செயல்பட்டது தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளைக் கண்டபோதுதான். புள்ளிக்கோட்டின் மேல் எழுதியவற்றுக்கோ விசைப்பலகையில் தட்டியவற்றுக்கோ அந்த அளவு இல்லை. இவை ரோமன் எழுத்துகளைக் கொண்டு செய்யப்பட்டவை; தமிழுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் ஒரே கோட்டின் சிறு மாற்றத்தால் எழுத்தே மாறும் தமிழில், கை அறிந்த வழிக்கு மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. கோணலும் மாணலுமாகக் குழந்தை தானே எழுதும் ப, புள்ளிகளை இணைத்து எழுதும் நேர்த்தியான ப-வைவிட உயர்ந்தது என்று கொள்வதற்கு இங்கே இடமிருக்கிறது.

ஆகவே மணல் தட்டில் பாடம் மூன்று நிலைகளில் நகர்வது நல்லது. ஆசிரியர் எழுதிக் காட்டுகிறார். குழந்தை அதன்மேல் விரல் ஓட்டுகிறது. அடுத்து, பக்கத்தில் உள்ள அட்டையைப் பார்த்துத் தானே எழுதுகிறது. பிறகு தட்டைக் குலுக்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அட்டையையும் மறைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதுகிறது. பல வகுப்புகளில் முதல் நிலையோடு நின்றுவிடுகிறார்கள். மணலில் தவறு தங்குவதில்லை என்பதால் மூன்றாம் நிலைக்குப் போகக் குழந்தை அஞ்சுவதும் இல்லை. களிமண்ணைக் கயிறாகத் திரித்து ப-வாக வளைப்பதும் இதே வகைச் செயல்தான், இடப்பக்கத்து மேல்முனையிலிருந்து வளைத்து வந்தால்.

ஒலிப் பக்கத்தில் தமிழுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. ஆங்கிலப் பள்ளிகளில் வாய்க்கு முன் காகிதத் துண்டைப் பிடித்து, பி என்னும் எழுத்தின் ஒலியால் அது படபடப்பதைக் காட்டுவார்கள். தமிழ்ப் பகரத்தில் அந்த அளவு மூச்சு வெளிவருவதில்லை. காகிதம் அசையாது, குழந்தை குழம்பும். ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்து உதடு மூடித் திறப்பதைப் பார்க்கச் சொல்வதே இங்கு பொருந்தும். பொருள்கள் நிறைந்த துணிப்பையில் கைவிட்டு ப-வில் தொடங்குவதை எடுக்கும் விளையாட்டிலும் தேர்வு முக்கியம். பஸ், பலூன், பன் எல்லாம் குழந்தைக்கு நன்றாகத் தெரிந்தவை. ஆனால் அவற்றின் தொடக்க ஒலி பழத்தின் ஒலி அன்று, குரல் அதிரும் ஒலி. எழுத்து ஒன்றாக இருந்தாலும் முதல் நாளில் அவற்றைப் பையில் போடலாகாது. பால், பூ, பேனா ஆகியவையும் வேண்டாம். அவற்றின் முதலெழுத்து ப அன்று, பா, பூ, பே. படப் புத்தகங்கள் இதில் கவலையின்றி நடந்துகொள்கின்றன. பந்து, பஞ்சு, பட்டம், பனங்கொட்டை ஆகியவை போதும். எழுத்தைப் பானா என்று பெயர் சொல்லிப் பழக்குவதும் இந்நிலையில் இடையூறே. ப என்ற ஒலியே அதன் பெயராக இருக்கட்டும்.

ப உறுதியான பின் கை எளிதாகப் பிற எழுத்துகளுக்குப் போகும். மூன்றாவது கோட்டை விட்டுவிட்டால் ட. அதே கோடு மேலே போய் உள்ளே வளைந்து இறங்கினால் ம. மணலில் ப எழுதி, கடைசிக் கோட்டை மட்டும் விரலால் தேய்த்து அழித்து ட ஆக்குவதைப் பிள்ளைகள் வியப்போடு திரும்பத் திரும்பச் செய்வார்கள். பகரத்தின் பிற உயிர்மெய்களுக்குப் போகும்போதும் இதே வழியைப் பின்பற்றலாம். பா-வுக்கு ப எழுதிய அட்டையின் அருகில் அட்டையில் வெட்டிய கால் ஒன்றை வைத்து, ஒலியை நீட்டச் சொன்னால் போதும். ப மாறாமல் இருப்பது கண்ணுக்குத் தெரியும். பி-யில் மேலே கொக்கி ஏறுகிறது, பு-வில் கீழே கோடு இறங்குகிறது. எழுத்தின் உருவத்தோடு ஒட்டிக்கொள்ளும் இக்குறிகளைத் தனித்துண்டாக வெட்டிச் சேர்க்க முடியாது. அவற்றுக்கு மறுபடி மணலுக்கே வரவேண்டும், முழு எழுத்தையும் ஒரே இழுப்பில் எழுதிப் பழக.