மூளைப் புற்றுநோயும் வைரசுச் சிகிச்சையும்

ஒரு நோயைக் கொண்டு மற்றொரு நோயைத் தீர்த்தல் என்னும் எண்ணம் மருத்துவத்திற்குப் புதியதன்று. நியூயோர்க்கிலே சத்திரசிகிச்சை நிபுணராய் விளங்கிய வில்லியம் கோலி, 1891ஆம் ஆண்டில் புற்றுநோயாளர் ஒருவரின் கட்டியினுள் உயிருள்ள பற்றீரியாக்களைப் புகுத்தினார். கடுங்காய்ச்சல் கண்டது, கட்டி கரைந்தது. ஆயினும் அம்முறை எல்லாரிடத்தும் பலிக்கவில்லை; பலித்தவிடத்தும் அதன் காரணம் விளங்கவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பரவவே, கோலியின் வழி மறக்கப்பட்டது.

மூளையைப் பொறுத்தவரையில் வேறொரு தடையும் இருந்தது. ஓரின விலங்கின் புற்றுக்கட்டி, பிறிதோரின விலங்கின் மூளையில் இடையூறின்றி வளர்வதை யப்பானியரான சிராய் 1921இலே கண்டார். உடலின் பிற இடங்களில் நட்ட கட்டி அழிந்துபட, மூளையில் நட்டது மட்டும் தழைத்தது. எனவே, நிர்ப்பீடனம் எனப்படும் காவற்படை புகாத கோட்டையாகவே மூளை நெடுங்காலம் கருதப்பட்டது. எலியின் மூளையுறைகளில் நிணநீர்க் கலன்கள் உண்டென்பது 2015இலேதான் தெளிவாயிற்று.

மூளைக் கட்டிகளிற் கொடியது கிளையோபிளாஸ்ரோமா. கதிர்வீச்சோடு தெமோசோலமைட் என்னும் மருந்தையும் கொடுத்தபோது, நோயாளரின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்ததென 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. இதனையே பெரும் முன்னேற்றமாகக் கொள்ள வேண்டிய நிலை!

இந்நோயை எதிர்க்க வைரசை ஏவலாம் என்று 1991இலே காட்டியவர் றொபேட் மார்ட்டூசாவும் அவர்தம் குழுவினரும் ஆவர். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹேர்ப்பீஸ் வைரசு பெருகுதற்கு உதவும் நொதியம் ஒன்றை அவர்கள் நீக்கினர். பிரிந்து பெருகும் புற்றுக்கலத்தில் அதற்கீடான நொதியம் உண்டு. பிரியாத நரம்புக் கலத்தில் அது போதிய அளவில் இல்லை. ஆகவே வைரசு புற்றிலே பெருகி, நரம்பை விட்டுவிடும். நுட்பமான சூழ்ச்சிதான், ஆனால் ஒரு குறையும் உடையது. ஹேர்ப்பீஸை அடக்கும் அசைக்குளோவிர் என்னும் மருந்து, நீக்கப்பட்ட அதே நொதியத்தின் துணையாலேயே வேலை செய்வது. வைரசு கட்டுமீறின் அடக்குவது எங்ஙனம்? 1995இல் அறிவிக்கப்பட்ட ஜி207 என்னும் வைரசிலே அந்நொதியத்தை விட்டுவைத்து, வேறு பரம்பரையலகுகளை மாற்றினர்.

அமெரிக்காவில் மத்தியாஸ் குறோமையர் இன்னும் துணிந்தார். இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தின் வைரசிலே ஒரு பகுதியை அகற்றித் தடிமன் வைரசின் பகுதியைப் பொருத்தினார். அதனால் அது நரம்புக் கலத்திற் பெருகும் ஆற்றலை இழந்தது. சிகிச்சையின் பின் நோய் மீண்ட 61 பேருக்கு இது கொடுக்கப்பட்டது. மூன்றாண்டின் பின் நூற்றுக்கு 21 பேர் உயிரோடிருந்தனர் என 2018இல் அறிவித்தனர். முன்னைய நோயாளரில் அத்தொகை நூற்றுக்கு 4 மாத்திரமே. வைரசு தானே கொல்வதிலும், உறங்கிய காவற்படையை எழுப்புவதே அதன் முதன்மையான தொழில் என்னும் கருத்தும் வலுப்பெற்றது. கோலியின் காய்ச்சலுக்கு இவ்வாறு ஒரு விளக்கம் கிடைத்தது எனலாம்.

ஆனால் முன்னைய நோயாளரோடு ஒப்பிடுதல் போதுமா? ரின்டோபெப்பிமட் என்னும் தடுப்புமருந்து சிறிய ஆய்வுகளிற் பெருநம்பிக்கை ஊட்டிற்று. பின்னர் 745 பேரை இரு குழுவாக்கிச் சோதித்தபோது, மருந்து பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 20.1 மாதம், பெறாதோருடையது 20.0 மாதம். 2016இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது. பழைய கணக்கோடு மாத்திரம் ஒப்பிட்டிருப்பின், இதனை வெற்றியென்றே கொண்டாடியிருப்பர். சாவை எதிர்நோக்கியிருப்பவரிடம், “உமக்குப் புதுமருந்து கிடைக்காமலும் போகலாம்” என்று கூறுதல் கொடுமையே. எனினும் அவ்வொப்பீடு இன்றேல், பின்வருவோர்க்கு எதைக் கொடுப்பதென்று எவரும் அறியார்.

2021 யூன் மாதத்தில் யப்பான், தொமொகி தொடோவின் ஜி47-டெல்ற்றா என்னும் ஹேர்ப்பீஸ் வைரசை மூளைப் புற்றுக்கு அனுமதித்தது. சோதிக்கப்பட்ட 19 பேரில் 16 பேர் ஓராண்டைக் கடந்திருந்தனர். உடன்நிகழ் ஒப்பீட்டுக் குழு அங்கும் இல்லை. அதனாலேயே அனுமதி நிபந்தனையோடு, ஏழாண்டுக்கு மட்டும் வழங்கப்பட்டது.