திருவக்கரைக் கல்மரமும் ஊகித்த மலைக்காடும்

திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களில் பெரும்பாலானவை பூக்கும் தாவரங்கள். நடுவே சில துண்டுகள் மட்டும் கூம்புத்தாவர மரங்கள். இவற்றைக் கொண்டு, இவை புதைந்துள்ள கடலூர் மணற்கல் படிந்த காலத்தில் மேற்கே குளிர்ந்த மலைக்காடு இருந்தது, அங்கிருந்தே வெள்ளம் இவற்றை அடித்துவந்தது என்று முடிவு கட்டும் போக்கை இக்கட்டுரை மறுக்கிறது.

மறுப்பின் ஒரு பாதி இக்கூம்புத்தாவரங்களில் ஒன்றைச் சார்ந்தது. 1855இல் ஷ்லைடன் பியூசி ஷ்மிடியானா என்று பெயரிட்ட இந்த மரத்தை, 1931இல் பீர்பல் சாஹ்னி மெசெம்ப்ரியாக்ஸிலான் பேரினத்துக்கு மாற்றினார். அந்தப் பேரினம் 1919இல் சீவர்ட் வகுத்தது. போடோகார்ப்பாக்ஸிலான், ஃபைலோகிளாடாக்ஸிலான் என்ற இரு பேரினங்களையும் புதைமரங்களில் நம்பகமாகப் பிரிக்க முடிவதில்லை என்பதால் அவர் ஒன்றாக்கினார். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. இரண்டாவது பெயர் சுட்டும் ஃபைலோகிளாடஸின் இன்றைய இனங்கள் டாஸ்மேனியா, நியூசிலாந்து, நியூகினி மலைகள் முதலிய இடங்களில் வளர்பவை. பேரினப் பெயரை மட்டும் படிப்பவருக்கு குளிர்ந்த மலைக்காட்டின் எண்ணமும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

ஆகவே கேள்வி, மரக்கதிரும் நீர் கடத்தும் செல்லான டிரக்கீடும் குறுக்கிடும் இடத்திலுள்ள குழிகளைப் பற்றியது. குறுகிய பிளவு வாய் கொண்ட சிறு குழிகள் என்றால் போடோகார்ப்பஸ் பக்கம். சன்னல்போல் அகன்ற குழி என்றால் ஃபைலோகிளாடஸ் பக்கம். ஆனால் புதையுமுன் மரம் உளுத்தால் குழியின் விளிம்பு கரைந்து வாய் அகன்றுவிடும். சிலிக்கா அந்த அழிவையும் அப்படியே கல்லாக்கிக் காட்டும். எனவே அகன்ற குழியை மட்டும் கண்டு குளிர்நாட்டு உறவு பேசுவது பொருந்தாது என்றே கருதுகிறேன்.

இந்த மரம் போடோகார்ப் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது உறுதியென்றே கொள்வோம். அப்போதும் மலை கட்டாயமில்லை. அக்குடும்பத்தைச் சேர்ந்ததும் தென்னிந்தியாவின் ஒரே இயற்கைக் கூம்புத்தாவரமுமான நாகேயா வாலிச்சியானா மேற்குத் தொடர்ச்சி மலையில் பசுமைமாறாக் காட்டு மரம். தென்கிழக்காசியாவிலோ அது கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்நிலக் காடுகளிலும் வளர்கிறது. அதைவிட வலுவான சான்று திருவக்கரையிலேயே கிடக்கிறது. டிப்டெரோகார்ப், கம்ப்ரிடேசி, குட்டிஃபெரே குடும்பங்களின் மரங்கள் இதே மணற்கல்லில் கிடைத்துள்ளன. இவை வெப்பமண்டலத் தாழ்நிலக் காட்டுக்கு நன்கு பொருந்துபவை.

அடிமரங்கள் கிளையும் வேரும் பட்டையும் இழந்து கிடையாகக் கிடப்பதால் வெகுதூரம் வந்தவை என்பார்கள். நீரால் வந்தவை என்பது உண்மை. தூரம் அதிலிருந்து தெரியாது. மேலும் ஒரே வெள்ளம் இரு வகை மரங்களையும் கொண்டுவந்திருந்தால், கூம்புத்தாவரத்துக்கு மட்டும் மலையைப் பிறப்பிடமாக்க நியாயமில்லை.

உளுக்காத பகுதியிலிருந்து புதிதாக ஆரப்போக்கு நெடுவெட்டுகள் எடுத்து, குழிகளின் வாய் அகலத்தையும் சுவரின் சிதைவையும் ஒரே வெட்டில் சேர்த்து அளந்தால் இந்த வழக்கு தீரும். சிதைவில்லாத இடத்திலும் குழிகள் அகன்றே இருந்தால் என் வாசிப்பில் ஒரு பாதி விழும். தாழ்நிலக் காட்டின் சான்று அப்போதும் நிற்கும்.