கண் நன்றாக இருக்கிறது, இமைதான் திறக்கவில்லை



போன மாதம் போட்ட குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், வீட்டுக்குள்ளேயும் எதுக்குக் கூலிங் கிளாஸ்?" என்று பலர் கேட்டீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதிலும் வரலாறாகத்தான் வரும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்திருப்பதன் பெயர் பிளெஃபரோஸ்பாசம். இமைகள் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும். முகத் தசைகளைப் பிடிக்கும் டிஸ்டோனியாவில் இது ஒரு வகை. இமையோடு தாடையும் வாயும் சேர்ந்து இழுத்தால் அதற்கு மெய்ஜ் நோய் என்று பெயர். பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வரும், பெண்களுக்கு அதிகம். முதலில் அடிக்கடி கண் சிமிட்டுவதில் தொடங்கும். பார்வையில் குறை இருக்காது. ஆனால் திறக்காத கண்ணால் எதைப் பார்ப்பது?

வலக்கண் துடித்தால் ஆண்களுக்கு நல்லது, இடக்கண் துடித்தால் பெண்களுக்கு நல்லது என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தத் துடிப்பு வேறு. தூக்கம் கெட்டால், களைத்தால் வரும், சில நாளில் போய்விடும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இழுப்பதும் வேறு. அது பெரும்பாலும் முக நரம்பை ஒரு இரத்தக்குழாய் அழுத்துவதால் வருவது.

இந்த நோய் புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் புரூகெல் வரைந்ததாகச் சொல்லப்படும் படம் ஒன்றில், ஒருவர் கண்ணை இறுக மூடி வாயை அகலத் திறந்திருப்பார். கொட்டாவி விடுபவர் என்றே அந்தப் படத்துக்குப் பெயர். 1910இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஆன்ரி மெய்ஜ் இந்த நோயை விவரித்து எழுதினார். அப்படியும் பல பத்தாண்டுகள் இதை மனநோய் என்றே ஒதுக்கினார்கள். நோயாளிகளை மனநல மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். நம் பக்கத்தில் என்றால் திருநீறும் மந்திரிப்பும். 1976இல் லண்டனில் டேவிட் மார்ஸ்டன், இது மனத்தின் நடிப்பு அல்ல, மூளையில் அசைவுகளைச் சீர்செய்யும் பகுதியின் கோளாறு என்று வாதிட்டார். அந்தப் பழைய ஓவியத்தை நினைவில் வைத்து, புரூகெல் நோய் என்றே பெயரும் வைத்தார். "நீயாகத்தான் செய்கிறாய்" என்ற பழி அதன்பிறகே மெல்ல விலகியது. நோயைவிட அந்தப் பழிதான் பலரை வீட்டுக்குள் முடக்கியது என்பது என் எண்ணம்.

நம் மாநிலத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் சிகிச்சைத் துறைகளைத் தொடங்கினார்கள். கை நடுக்கம், தசை முறுக்கம் போன்ற அசைவுக் கோளாறுகளுக்கு மூளைக்குள் நுண்ணிய இடத்தைக் குறிவைத்துச் செய்யும் அறுவைச் சிகிச்சை சென்னையில் வளர்ந்தது. அதில் உழைத்தவர்களில் ஒருவர் டாக்டர் டி. எஸ். கனகா, ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவர். மாணவிகள் இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இமை இறுக்கத்துக்கு அந்நாளில் இருந்த வழிகள் கடுமையானவை. மாத்திரைகள் சிலருக்கே பலன் தந்தன. முக நரம்பை வெட்டினார்கள், இமைத் தசையை அகற்றினார்கள். கடைசியில் கைகொடுத்தது ஒரு விஷம்.

சேலம் கலெக்டர் காக்பர்ன் நம் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்த அதே 1820களில், ஜெர்மனியில் யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர், கெட்டுப்போன இறைச்சி தின்று செத்தவர்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த விஷம் தசைகளைச் செயலிழக்கச் செய்வதைக் கண்டவர், சிறு அளவில் கொடுத்தால் மருந்தாகலாம் என்றும் ஊகித்தார். 1895இல் பெல்ஜியத்தில் ஒரு சாவு வீட்டில் வாசிக்க வந்த இசைக்குழுவினர் கெட்ட பன்றி இறைச்சி தின்றதில் மூன்று பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த வான் எர்மெங்கம் விஷத்தை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்.

1970களில் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணைச் சரிசெய்ய இந்த விஷத்தை மிகமிக நுண்ணிய அளவில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார். பிறகு இமை இறுக்கத்துக்கும் அது பயன்பட்டது. 1981இல் டெக்சாஸில் மேட்டி லூ கோஸ்டர் என்ற பெண்மணி, இதே நோயால் அவதிப்பட்டவர், நோயாளிகளை ஒன்றுசேர்த்து ஆராய்ச்சிக்கென ஓர் அமைப்பே தொடங்கினார். 1989இல் அமெரிக்க அரசு இதை மருந்தாக அங்கீகரித்தது. அதுதான் போட்டாக்ஸ். சுருக்கம் போக்கும் சினிமாக்காரர் ஊசி என்று நீங்கள் கேள்விப்பட்டது பின்னால் வந்த கதை. புருவங்களுக்கு நடுவே விழும் சுருக்கத்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2002இல்தான்.

நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை இந்த ஊசி தடுக்கிறது. சில நாளில் இமை தளரும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் நரம்பு மறுபடி தளிர்விடும், மறுபடி ஊசி போட வேண்டும். நோயை வேரோடு தீர்க்காது. சில சமயம் இமை தொங்கும், கண் வறளும், பிறகு அதுவும் சரியாகும்.

எனக்கு இது இன்னதென்று தெரியவே ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை ஓரிடத்தில் சொட்டு மருந்து, இன்னோரிடத்தில் புதுக் கண்ணாடி. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய் ஊசி போட்டு வருகிறேன். வண்டி ஓட்டுவதை விட்டாயிற்று. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் போன்ற வெட்டவெளியில் வெயிலும் காற்றும் பட்டால் இமை உடனே இறுகும். சில்வர் ஓக் நிழல் விழும் காப்பித் தோட்டத்து வழியில் நன்றாகவே நடக்கிறேன். புருவத்தை விரலால் தொட்டாலோ, ஒரு பாட்டை முணுமுணுத்தாலோ இமை சற்றே இளகும். டாக்டர்களுக்கும் தெரிந்த தந்திரம்தான் இது. வழியில் தனியே பாடிக்கொண்டு போகும் கிழவரைப் பார்த்தால் பயப்படாதீர்கள்.

நம் மலைக்காரர்களுக்கு ஒரு செய்தி. 2007இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், காப்பி குடிக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் இந்நோய் குறைவாகக் காணப்பட்டது. அதை மருந்தென்று எடுத்துக்கொள்ள முடியாது. நானே வாழ்நாள் முழுக்கக் காப்பி குடித்தவன்தான்!

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது பேசும்போது கண்ணை மூடிக்கொண்டால் "தூங்குறாங்க", "நடிக்கிறாங்க" என்று சொல்லாதீர்கள். போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் இமை திறந்தே இருந்துவிடும். அந்த வீடியோவோடு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செலவு, ஊசி பற்றி விவரம் வேண்டுமென்றால் எனக்குப் போன் செய்யுங்கள். எழுதுவதைவிடப் பேசுவது இப்போது எனக்குச் சுலபம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
ஏற்காடு